பனியன் கம்பெனியில் 40 லட்சம் எங்கே முடங்குகிறது?

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைக்கும் ஒரு சிறு யூனிட். தையல் மெஷின், கட்டிங் டேபிள், ஜெனரேட்டர் ஆகியவற்றில் போட்ட பணம் நிலை மூலதனம். நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் கூலிக்கும் அன்றாடம் புரள வேண்டியது நடைமுறை மூலதனம். முதலாவதற்கு எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். தொழில் படுப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

நூல் குடோனில் 15 நாள் இருக்கிறது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் முடிய 25 நாள். பேக் ஆன சரக்கு லாரி ஏற 10 நாள். வாங்கியவர் பணம் தர 60 நாள். ஆக 110 நாள். நூல் மில் 30 நாள் கடன் தந்தால், மீதி 80 நாளுக்கு நம் பணம்தான் ஓட வேண்டும். ஒரு நாள் செலவு 50,000 ரூபாய் என்றால் 40 லட்சம். கூலி, நூல், சாயம் ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டால் எண் சற்று மாறும். தோராயத்துக்கு இது போதும்.

இந்த யூனிட்டின் ஆண்டு விற்பனை 2 கோடி, லாபம் சுமார் 17 லட்சம் என்று வைப்போம். ஆர்டர் இரட்டிப்பானால் இன்னும் 40 லட்சம் வேண்டும். அது இரண்டு வருஷ லாபத்துக்கும் மேல். நல்ல ஆர்டர் வந்த வருஷத்திலேயே கம்பெனிகள் தடுமாறுவது இதனால்தான்.

சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறை எளிது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று கொண்டு, 20 சதவீதத்தை வங்கி தரும். 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும். 2 கோடிக்கு வங்கி 40 லட்சம், நம் கை 10 லட்சம். வாங்கியவர் 60 நாளை 90 நாளாக இழுத்தால் தேவை 55 லட்சமாகி, இந்த 50-ஐத் தாண்டிவிடும். அதோடு, 90 நாள் கடந்த பில்களைப் பல வங்கிகள் டிராயிங் பவர் (கையிலுள்ள சரக்கையும் வர வேண்டிய பில்களையும் வைத்து வங்கி எடுக்கவிடும் தொகை) கணக்கில் சேர்ப்பதில்லை. பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் எடுக்கக்கூடிய தொகை சுருங்குகிறது.

உண்மையில் 60 நாள் என்பதே சட்டத்துக்குப் புறம்பு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலரும் இதைக் கேட்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் நாமே செய்துகொள்ளும் கேடு ஒன்று உண்டு: நடைமுறை மூலதனத்துக்காக வங்கி தரும் சிசி (கேஷ் கிரெடிட்) பணத்தில் மெஷின் வாங்குவது. மெஷின் தன் விலையைச் சம்பாதித்துத் தர நாலைந்து வருஷமாகும். நூல் மில்லுக்கோ 30-ஆம் நாள் பணம் போக வேண்டும். மெஷினுக்குத் தவணைக் கடன் தனியாக வாங்குங்கள்.

மாதம் ஒருமுறை, வர வேண்டிய நிலுவையை ஒரு நாள் சராசரி விற்பனையால் வகுத்துப் பாருங்கள். இந்த யூனிட்டுக்கு நிலுவை 33 லட்சம் என்றால் 60 நாள். 41 லட்சமாகிவிட்டால் 75 நாள். அடுத்த லோடு ஏற்றும் முன் வசூலுக்குப் போக வேண்டும்.