தலைக்கணக்கில் கரையும் மலைப்பள்ளி மானியம்

எஸ்டேட்டில் பிழைப்பு சரியில்லை என்று ஒரு குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பினால், இரண்டு பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழும் கூடவே போகும். அந்தத் தொடக்கப் பள்ளியில் 31 பேர் படித்தார்கள் என்றால் இனி 29. பள்ளி மானியத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

பள்ளிக் கல்விக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதி அப்படித்தான்: 30 பேர் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000. அதிலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு வைக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் சாக்பீஸ் செலவு குறையும், சரி. கூரை குறையுமா? பள்ளிக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன் நான். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை வவுச்சர்களைப் புரட்டினால் ஓடு, தார்ப்பாய், ஆள்கூலி என்றே வரும். மலையேறி வரும் ஒவ்வொரு சிமென்ட் மூட்டையிலும் லாரி வாடகை ஏறியிருக்கும்.

போக்குவரத்துப் படியும் இதே கதைதான். பள்ளி எட்டாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்குத் தலைக்கு 6,000 ரூபாய் வரை தரலாம். 200 வேலை நாளுக்கு வகுத்தால் போக, வர நாளுக்கு 30 ரூபாய். ஜீப்காரர் தலைக்கா வாடகை கேட்கிறார்? நடைக்குக் கேட்கிறார். பன்னிரண்டு பேர் ஏறினால் 360 ரூபாய் சேரும். நான்கு பேர் என்றால் 120. யானை நடமாடும் வழியில் அந்த நான்கு பேரை நடந்து போ என்று சொல்லவும் முடியாது.

இதற்கு மேலே இன்னொரு கணக்கு. இந்தத் திட்டச் செலவில் வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 90 சதவீதம்; நமக்கு 60. சிம்லாவும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம்தான், ஆனால் மாநிலத்தையே மலை மாநிலம் என்று வகைப்படுத்தியிருந்தால்தான் டெல்லிக் கணக்கில் மலை. தமிழ்நாடு வருவாய் உள்ள மாநிலம் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. அந்த வருவாய் ஒரு காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதை மாநிலச் சராசரி காட்டாது. எங்கள் பங்கு எங்கே என்று சென்னை டெல்லியைக் கேட்பது நியாயம் என்றால், பந்தலூர் சென்னையைக் கேட்பதும் நியாயம்தான். மாநிலம் தன் கைப்பணத்தைப் பிரிக்கும்போதாவது தூரத்துக்கும் மழைக்கும் தனிக் கணக்கு வைக்கலாமே!

கேட்கச் சட்டத்திலேயே வழி உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அடிப்படை என்கிறது. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஆனால் நான் பார்க்கும் திட்டங்கள் பல, போன வருடத்து நகல்கள்! "கூரை பழுது பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி; எத்தனை சதுர அடி, எவ்வளவு ஆகும், ஒன்றும் இருக்காது. குழுவில் இருக்கும் பெற்றோரே, ஜீப்புக்கு நடைக்கு எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர், எந்த மாதங்களில் யானை இறங்குகிறது என்று எழுதுங்கள். கொட்டேஷனில் லாரி வாடகையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலை அலுவலகத்தில் கொடுக்கும்போது வாங்குகிறவரின் கையெழுத்தும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் வராமல் போனால் மனு எழுதவும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் அந்தக் காகிதம்தான் வேண்டும்.