கருவுறுதல் விகிதமா, பிள்ளைப்பேற்று வீதமா?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்தவர் நாளிதழ்ச் செய்தி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உலகம் பூரா பொம்பளைங்களுக்குக் கருத்தரிக்கிற சக்தியே குறைஞ்சுக்கிட்டு வருதாம். எல்லாம் இந்தச் சாப்பாடு பண்ற வேலை." அவரைக் குறை சொல்ல முடியாது. 'கருவுறுதல் விகிதம் சரிவு' என்று தலைப்பு போட்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் விளங்கும்.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் 'டோட்டல் ஃபெர்டிலிட்டி ரேட்' என்று சொல்வதைத்தான் நாம் மொத்தக் கருவுறுதல் விகிதம், கருவள விகிதம் என்றெல்லாம் எழுதுகிறோம். இலங்கையில் கருவள வீதம். கணக்கு இதுதான்: ஓர் ஆண்டில், 15 முதல் 49 வயதுவரை ஒவ்வொரு வயதிலும் பெண்ணுக்கு எத்தனை குழந்தை பிறந்தது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அந்த ஆண்டின் நிலவரமே வாழ்நாள் முழுக்க நீடித்தால் ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை இருக்கும் என்பது விடை. பிறந்த குழந்தைகளை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கருப்பையின் திறனை யாரும் அளக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் உலக அளவில் 5க்கு மேல் இருந்த இந்த எண் இன்று 2.3க்கும் கீழே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 2.0, தமிழ்நாட்டுக்கு 1.8. தென்கொரியாவில் 2023ல் 0.72.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்திலும் இருக்கிறது. 'ஃபெர்டிலிட்டி'யின் மூலமான லத்தீன் 'ஃபெர்ரே' என்பதற்குச் சுமத்தல், தாங்குதல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'ஃபெர்டிலிஸ்' நல்ல விளைச்சல் தரும் நிலத்துக்குச் சொன்ன சொல். இன்னொரு சொல் 'ஃபெகண்டிட்டி'. அது பாலூட்டுதலைக் குறிக்கும் பழைய வேரில் பிறந்தது. பெண்ணைக் குறிக்கும் 'ஃபெமினா'வும் அதே வேர்தான். ஆங்கில ஆய்வாளர்கள் பெற்ற பிள்ளைகளின் கணக்குக்கு முதல் சொல்லையும், உடலின் திறனுக்கு இரண்டாவதையும் ஒதுக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சில் இது அப்படியே தலைகீழ். ஆனால் பொதுமக்கள் பேச்சில் 'ஃபெர்டிலிட்டி' என்றால் மருத்துவமனைப் பலகையில் இருக்கும் அதே சொல், அதாவது திறன். நாம் மொழிபெயர்த்தபோது அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டோம். 'கருவளம்' என்றதும் நிலவளம், நீர்வளம் போல ஏதோ வற்றிப்போவதாகத் தோன்றுகிறது. வற்றுவது பெண்ணிடம் என்றும் தோன்றுகிறது. குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் உடலும் காரணமாக இருக்கிறது. ஆனாலும் 'மலடி' நம் காதில் விழும் அளவுக்கு 'மலடன்' விழுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பெயர் வேறு.

இந்த எண் எதைக் காட்டுகிறது என்பதற்கு ஜப்பானின் 1966ஆம் ஆண்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சி போல அங்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் 'ஹினோஎ உமா' என்ற நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று ஒரு நம்பிக்கை. மகள் பிறந்துவிட்டால் அவளை யார் கட்டுவார்கள்? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அன்று பார்க்கவும் வழியில்லை. அதனால் பல வீடுகளில் அந்த ஆண்டு குழந்தையே வேண்டாமென்று இருந்துவிட்டார்கள். 1965ல் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966ல் 13.6 லட்சம், அடுத்த ஆண்டு 19 லட்சத்துக்கு மேல். நாம் 'கருவுறுதல் விகிதம்' என்று எழுதும் எண் 2.14லிருந்து 1.58க்கு இறங்கி, உடனே 2.23க்கு ஏறியது. ஜப்பானியப் பெண்களின் உடல் ஓராண்டு கெட்டு மறு ஆண்டு சரியாகிவிட்டதா என்ன? ருமேனியாவில் எதிர்த்திசையில் நடந்தது: 1966ல் கருக்கலைப்பை அரசு தடைசெய்தது, அந்த எண் ஒரே ஆண்டில் 1.9லிருந்து 3.7 ஆனது. ஒரு நாட்டில் மகள்களைப் பற்றிய பயம், இன்னொன்றில் போலீஸ் பயம். கருவளம் எங்கும் மாறவில்லை.

தென்கொரியாவில் இந்தச் சொற்சண்டை வெளிப்படையாகவே நடந்தது. பிறப்பு குறைவதை அங்கே 'ஜோசுல்சான்' என்பார்கள். 'சுல்சான்' என்றால் ஈனுதல், தாய் செய்வது. குறைந்தது தாயின் செயல் என்று சொன்னால் பழியும் தாயின் மேல் விழுகிறது. 2018ல் சியோல் நகரின் மகளிர் குடும்ப அறக்கட்டளை வெளியிட்ட பாலினச் சமத்துவச் சொற்பட்டியல் 'ஜோசுல்செங்' என்று மாற்றச் சொன்னது. 'சுல்செங்' என்றால் குழந்தை பிறத்தல். (அதே பட்டியல், குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டியின் பெயரில் இருந்த 'தாய்' எழுத்தையும் எடுத்துவிடச் சொன்னது.) வளர்ந்த நாடுகளிலேயே ஆண், பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக, ஏறக்குறைய 30 சதவீதமாக உள்ள நாடு அது. பிள்ளை பெற்றவள் வேலையை விட வேண்டிவரும், வீட்டுவேலையும் பெரும்பாலும் அவள் தலையில்தான், வீட்டு விலையும் டியூஷன் செலவும் தனி. 'பெண்கள் படித்துவிட்டார்கள், அதனால்தான் குழந்தை இல்லை' என்று இங்கே வாதாடுபவர்கள் வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படிப்பு கூடினால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது என்பது உண்மைதான். படித்தவள் வேலையையும் குழந்தையையும் சேர்த்துச் சுமக்கும்போது வீட்டு ஆண் என்ன செய்தான் என்பது வாக்கியத்தின் மறுபாதி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கொரிய மொழி தேடிய வேறுபாடு நம்மிடம் முன்பே இருக்கிறது. ஈனுதல் தாய்க்கு மட்டும் உரியது. பெறுதல் இருவருக்கும் உரியது; அதனால்தான் தாயையும் தந்தையையும் சேர்த்துப் 'பெற்றோர்' என்கிறோம், 'பெத்தவங்க' என்கிறோம். திருக்குறளின் ஒரே அதிகாரத்தில் இரண்டும் வருகின்றன: 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்பது தாய்க்கு, 'அறிவறிந்த மக்கட்பேறு' என்பது இல்லறத்தார் இருவருக்கும். பரிமேலழகர் அங்கே 'அறிவறிந்த' என்றதனால் மக்கள் என்பது பெண்ணை ஒழித்து நின்றது, அதாவது மகன்களை மட்டுமே குறிக்கிறது என்று உரை எழுதிவிட்டார். குறளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வருத்தம்தான்.

பெறு என்பதிலிருந்து வந்தது பேறு. கிடைத்த நன்மை என்று பொருள். 'மகப்பேறு' இன்று பிரசவ வார்டுக்கும் விடுப்புக்கும் உரிய சொல்லாகிவிட்டதால் மறுபடியும் தாயிடமே கொண்டுபோய் விடும். 'பிள்ளைப்பேறு' அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. ரேட் என்பதற்கு 'விகிதம்' என்றே தமிழ்நாட்டில் எழுதிப் பழகிவிட்டோம்; ஆனால் 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்று பந்தியில் சொல்கிறோமே, அந்த வீதம்தான் இங்கே சரியான பொருள் தருவது. இலங்கைத் தமிழர் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே மொத்தப் பிள்ளைப்பேற்று வீதம். ஆறு ஆற்றுநீர் ஆவதுபோல் பேறு பேற்று ஆகும்.

இதனோடு 'பிறப்பு வீதம்' என்பதைக் கலக்கக் கூடாது. அது ஆயிரம் பேர் மக்கள்தொகைக்கு ஓராண்டில் எத்தனை பிறப்பு என்ற வேறு கணக்கு. இளைஞர்கள் நிறைந்த நாட்டில் பெண்ணுக்குப் பிள்ளைகள் குறைவாக இருந்தாலும் அது உயர்வாகவே இருக்கும். 'கருவளம்', 'கருவுறுதிறன்' இரண்டும் மருத்துவருக்கு இருக்கட்டும். அங்கே ஆணின் உடலுக்கும் சேர்த்து 'கருத்தரிப்பிக்கும் திறன்' என்று ஒரு சொல் வேண்டியிருக்கிறது.