இன்டர்மோடல்: இணைப்புப் போக்குவரத்து

‘இன்டர்மோடல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே. ‘மோடுஸ்’ என்றால் அளவு, முறை. ஆங்கிலத்தில் ‘மோட்’ என்பது சாலை, ரயில், கப்பல், விமானம் என்ற போக்குவரத்து வகையைக் குறிக்கும்.

இந்தச் சொல்லைப் பழக்கப்படுத்தியது சரக்குத் துறை. உள்ளிருக்கும் சரக்கைத் தொடாமல் கன்டெய்னரை மட்டும் லாரி, கப்பல், ரயில் என மாற்றி ஏற்றுவதே அங்கே இன்டர்மோடல். 1956-ல் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களைக் கொண்டுசென்றது இம்முறை பரவ வழிவகுத்தது.

பயணிக்கு கன்டெய்னர் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஒரே பயணச்சீட்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயில் நிலையம் 1999-ல் திறக்கப்பட்டது. லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் சீட்டில் கொலோன் நகர ரயில் நிலையத்துக்கே ‘கியூ.கே.எல்.’ என்ற மூன்றெழுத்து விமானக் குறியீடு உண்டு. அங்கு செல்லும் ரயிலுக்கும் விமான எண் உண்டு. சென்னையிலிருந்து கொலோன் வரை ஒரே பதிவாக எடுத்திருந்து, விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால், அடுத்த ரயிலில் இடம் தருவது அந்நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பயணப் பெட்டியை பிராங்பர்ட்டிலேயே எடுத்துக்கொண்டு, சுங்கம் கடந்து, ரயிலில் நாமே ஏற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

சென்னையில் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம், விமான நிலைய மெட்ரோ 2016-லிருந்து ஓடுகிறது. வண்டிகள் பக்கத்தில் இருக்கின்றன, சீட்டுகள் தனித்தனி. மின்சார ரயில் தாமதமாகி விமானம் போய்விட்டால் நஷ்டம் பயணியுடையது. இது ‘மல்டிமோடல்’ மட்டுமே. ‘பல்வகைப் போக்குவரத்து’ என்ற சொல் இதற்குப் பொருந்தும்.

இன்டர்மோடலுக்கும் ‘பல்வகை’ என்றே எழுதுவது தவறு. ‘பல்’ என்பது எத்தனை வகை என்று மட்டும் சொல்லும். வகைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பைச் சொல்லாது. ‘இடைமுறை’ என்று நேராக மாற்றினால் யாருக்கும் விளங்காது. ‘இணைப்பு ரயில்’, ‘இணைப்பு விமானம்’ என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே ‘இணைப்புப் போக்குவரத்து’ என்பதே நல்ல சொல். பயணியின் பக்கமிருந்து எழுதும்போது ‘இணைப்புப் பயணம்’.

இணைப்பு உண்மையா என்பதைச் சீட்டிலேயே பார்க்கலாம்: ரயில், விமானம் இரண்டும் ஒரே பி.என்.ஆர். எண்ணின்கீழ் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் பகுதியான ரயிலைச் சொல்லாமல் விட்டுவிட்டு நேரே விமானத்துக்குப் போகாதீர்கள். பல நிறுவனங்களின் விதிப்படி மீதிப் பயணம் ரத்தாகலாம்.