பால் மெக்கார்ட்னி ஏன் வலது காதில் மட்டும் பாடுகிறார்?

திருப்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பிக்கு இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். 1966-இல் வந்த பழைய ஸ்டீரியோ பதிப்பாக, அதாவது இடது வலது என்று இரண்டு பக்கமும் வெவ்வேறு ஒலி வரும் பதிப்பாக, இருக்க வேண்டும். 'எலினார் ரிக்பி' பாட்டு வரும்போது வலது பக்கம் வைத்திருப்பவருக்குக் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி காதோரம் நின்று பாடுவார். இடது பக்கக்காரருக்குக் கிட்டத்தட்டச் சரணம் முழுக்க வயலின் கும்பல்தான். பல்லவியில் மட்டும் குரல் எட்டிப் பார்க்கும்.

இயர்போன் கெட்டுப் போகவில்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவு டேப்பில் எத்தனை தடம் இருந்தது என்பதுதான் இதற்குக் காரணம்.

ஒலிப்பதிவு டேப் என்பது இரும்பு ஆக்சைடு பொடி பூசிய பிளாஸ்டிக் நாடா. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் 'ஹெட்' ஒரு சின்ன மின்காந்தம். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ஏறி இறங்க, நாடாவில் காந்தமும் கூடிக் குறைந்து பதிகிறது. நாடா அகலமாக இருந்தால் அதைக் குறுக்கே பங்கு போட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் தனி ஹெட் வைக்கலாம். இந்தப் பட்டைக்குத்தான் தடம், ட்ராக் என்று பெயர். 1963-இல் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது இஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனியின் லண்டன் ஸ்டுடியோவில் இருந்தது இரண்டே ட்ராக். ஒன்றில் வாத்தியம், இன்னொன்றில் குரல். அதை இடது, வலது என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணமே இல்லை. பிற்பாடு உட்கார்ந்து குரலைக் கொஞ்சம் ஏற்றலாமா, கிட்டாரைக் குறைக்கலாமா என்று சரிபார்த்து, இரண்டையும் கலந்து மோனோவாக, அதாவது எல்லா ஒலியும் சேர்ந்த ஒரே தடமாக, ஆக்குவதற்கான வசதி, அவ்வளவுதான். அன்றைக்கு ரேடியோவும் சிங்கிள் ரெக்கார்டும் எல்லாமே மோனோ. ஸ்டீரியோ கேட்டவர்கள் சொற்பம். அவர்களுக்காக ஒரு பதிப்பு கேட்டபோது, கையில் இருந்த இரண்டு ட்ராக்கை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டார்கள்.

'ரிவால்வர்' சமயத்தில் நான்கு ட்ராக் வந்துவிட்டது. ஓர் அங்குல அகல நாடா, செகண்டுக்கு 38 சென்டிமீட்டர் ஓட்டம். ஆனால் நான்கும் போதவில்லை. 'எலினார் ரிக்பி'க்கு நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ என்று எட்டுப் பேர். மைக்கை வாத்தியத்துக்கு வழக்கத்தைவிட ரொம்பக் கிட்டே கொண்டுபோய் வைத்தார் எஞ்சினியர் ஜெஃப் எமரிக். கம்பியில் வில் உரசும் கரகரப்பு இன்றைக்கும் பல் கூசுகிற மாதிரி கேட்கும். இந்த எட்டுப் பேரே நான்கு ட்ராக்கையும் நிரப்பிவிட்டார்கள், அப்புறம் பாட்டுக்கு இடம் எங்கே? நான்கையும் கலந்து இன்னொரு நாடாவில் ஒரே ட்ராக்கில் ஏற்றினார்கள். மிச்ச மூன்று ட்ராக் குரலுக்கு. இப்படி ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் கொஞ்சம் ஏறும். அதைவிடப் பெரிய சங்கடம், கலந்தது கலந்ததுதான். இட்லி மாவைக் கரைத்த பிறகு உளுந்தைத் தனியாக எடு என்றால் எப்படி? ஸ்டீரியோவில் பரப்பி வைக்க எட்டு வாத்தியம் இல்லை, ஒரே ஒரு கட்டிதான் இருந்தது. அதனால் நகர்த்தக்கூடியதாகக் கையில் மிஞ்சிய குரலை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அதிலும் அவசரம் தெரிகிறது. முதல் சரணம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் வரும் குரல், ஒரு சொல் முடிவதற்குள் சடக்கென்று வலப்பக்கம் தாவும். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அது காதில் விழாமல் இருக்காது!

அன்றைக்கு இதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்டது அறையில் வைத்த ஸ்பீக்கரில். வலது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதோடு நிற்பதில்லை, அரை மில்லிசெகண்டுக்கும் குறைவான தாமதத்தில் இடது காதுக்கும் போய்ச் சேரும். நடுவில் தலை மறைப்பதால் கீச்சென்ற மேல் ஓசைகள் மங்கும், அடி ஓசைகள் தலையைச் சுற்றி வளைந்து வந்துவிடும். இந்தச் சின்னத் தாமதத்தையும் மங்கலையும் வைத்துத்தான் 'ஆள் வலப்பக்கம் நிற்கிறான்' என்று மூளை கணக்குப் போடுகிறது. இயர்போனில் இடது காதுக்கு எதுவுமே போகாது. இயற்கையில் கொசு காதுக்குள் வந்து ரீங்காரம் போட்டாலொழிய அப்படி ஒரு சத்தமே கிடையாது, அதனால்தான் கேட்கக் கேட்க எரிச்சலாகிறது.

கோபி பக்கம் கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் போடும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்மூர்ல ரெண்டு குழாயும் ஒரே பாட்டத்தானுங்க பாடோணும். கெழக்கால நிக்கறவனுக்குப் பாட்டு, மேக்கால நிக்கறவனுக்குத் தவிலுன்னா ஒத்துக்குவாங்களா?" என்றார். இஎம்ஐ எஞ்சினியர்களும் ஏறக்குறைய இதே கட்சிதான். பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ பதிப்பு. ஸ்டீரியோவை எஞ்சினியர்கள் பிற்பாடு சட்டுபுட்டென்று முடிப்பார்கள். இத்தனைக்கும் அதே இஎம்ஐயில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்!

இந்த ஆல்பத்தில் பிறந்த இன்னொரு வித்தையையும் சொல்லியாக வேண்டும். குரல் கனமாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது வழக்கம். பீட்டில்ஸின் இன்னொரு பாடகர் ஜான் லென்னனுக்கு அது சலித்துவிட்டது. கென் டவுன்செண்ட் என்ற எஞ்சினியர் 1966-இல் வழி கண்டுபிடித்தார். பாடிய குரலை இரண்டாவது டேப் மெஷின் வழியாக ஓட்டி, சில பத்து மில்லிசெகண்ட் தள்ளி, அசலோடு சேர்த்தார். அந்த மெஷினின் வேகத்தை ஆசிலேட்டர் என்ற மின் அலை உண்டாக்கும் கருவியை வைத்துக் கையால் லேசாக ஏற்றி இறக்கலாம். இவ்வளவு சின்ன இடைவெளியில் வரும் இரண்டாவது ஒலியைக் காது எதிரொலியாகப் பிரிப்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. வேகம் ஆடுவதால் இரண்டும் அச்சாக ஒன்றாகவும் இருப்பதில்லை. ஒருவரே இரண்டு பேராகப் பாடும் அந்தப் பளபளப்பு இப்படி வந்ததுதான். இன்றைக்கு மொபைல் ஆப்பில் ஒரு பட்டனாக இருக்கிறது.

கரைத்த மாவிலிருந்து உளுந்தை எடுக்க முடியாது என்றேன் அல்லவா, 2022-இல் ஓரளவு எடுத்தேவிட்டார்கள். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருளை வைத்து இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் 'ரிவால்வரை' மறுபடி கலந்தார். இந்த வகை மென்பொருள் ஒலியைச் செகண்டுக்கும் குறைவான சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கும். குரல் எப்படி இருக்கும், டிரம் எப்படி இருக்கும் என்று முன்பே ஏராளமான ஒலிகளில் பழகியிருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு எத்தனை பங்கு என்று ஊகிக்கும். இரண்டு வாத்தியம் ஒரே அதிர்வெண்ணில் மோதும் இடத்தில் ஊகம் தடுமாறும். ஹெட்போனில் அதே ட்ரம்ஸும் பேஸும் இப்போது எவ்வளவோ திடமாக இருக்கின்றன, ஆனாலும் எனக்குப் பிடித்தது மோனோதான். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து முட்டி மோதிக்கொண்டு வரும் அந்த முறுக்கு புதுப் பதிப்பில் இல்லை.

மோனோவில் கேட்க ஃபோன் செட்டிங்ஸில் 'மோனோ ஆடியோ'வை அழுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்தையும் கூட்டித் தருகிறது, அவ்வளவே. நடுவில் இருப்பவை தூக்கலாகவும் ஓரத்தில் இருப்பவை அடங்கியும் போகும். 1966-இல் செய்த மோனோ கலவையே வேறு. 'ஐ'ம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டில் நாடாவைத் திருப்பி ஓட்டிப் பதிந்த கிட்டார் மோனோவில் ஓர் இடத்திலும் ஸ்டீரியோவில் வேறோர் இடத்திலும் வரும். அசல் மோனோ வேண்டுமானால் 2009-இல் வந்த மோனோ சிடி தொகுப்பைத் தேட வேண்டும். 2022 'ரிவால்வர்' பெட்டியிலும் அது இருக்கிறது.