தீர்ப்பு இருக்கிறது, சர்வே எண் இருக்கிறதா?

"இறால் பண்ணை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சே, அப்புறம் எப்படி இன்னும் ஓடுது?" தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களில் இந்தக் கேள்வி எழாத கூட்டம் அபூர்வம். கேள்வியில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் மனுதான் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரே வரிப் பதிலோடு திரும்பி வருகிறது.

முதலில் உண்மையான பாதி. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், புதிதாக இறால் குட்டை வெட்டக் கூடாது. ஏற்கெனவே இருப்பதை 1997 மார்ச் 31-க்குள் இடித்துவிட வேண்டும். பாரம்பரிய முறையில் வளர்ப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. விளைநிலம், உப்பளம், சதுப்புக்காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் குட்டையாக மாற்றக் கூடாது. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு மற்ற இழப்பீட்டோடு ஆறு வருடச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க மத்திய அரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும்.

இப்போது மறுபாதி. மறுஆய்வு மனுக்கள் போனதில் இடிப்பு நின்றது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதன் 27-ஆவது பிரிவை வக்கீல்களில்கூடப் பலர் நின்று படிப்பதில்லை. 1991 பிப்ரவரி 19-ஆம் தேதியிட்ட கடலோர அறிவிக்கையில் உள்ள தடைகள் கடலோர நீர்வாழ் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவு, முன்தேதியிட்டு, அறிவிக்கைக்குள்ளேயே ஒரு வரியைச் சேர்த்தது. தீர்ப்பு நின்றது அந்த அறிவிக்கையின் மேல். நாடாளுமன்றம் தீர்ப்பைத் தொடவில்லை, அதன் அஸ்திவாரத்தை உருவிவிட்டது. "இந்தத் தீர்ப்பு செல்லாது" என்று நாடாளுமன்றம் நேரடியாகச் சொன்னால் அது அதிகார வரம்பு மீறல். ஆனால் அடிப்படையாக இருந்த சட்டத்தை முன்தேதியிட்டே மாற்ற அதற்கு அதிகாரம் உண்டு. இதை ரசிக்கவேண்டியதில்லை, தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

500 மீட்டர் போனபிறகு 2005 சட்டத்தில் மிஞ்சியது 200 மீட்டர். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், கடலோர மண்டலத்துக்கு உட்பட்ட கழி, ஆறு, உப்பங்கழிகளிலும் வளர்ப்புக்கு உரிமம் இல்லை. அதிலும் சட்டம் வரும்முன்பே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு. 2023-இல் மறுபடி திருத்தினார்கள். பொரிப்பகம், பாசி வளர்ப்பு எல்லாம் சட்டத்துக்குள் வந்தன. சிறைத் தண்டனை எடுக்கப்பட்டு, பண அபராதம் என்றானது. தூர அளவுகளும் விலக்குகளும் மாறியிருப்பதால் பழைய புத்தகத்தைப் பார்த்து மனு எழுதக் கூடாது. திருத்தப்பட்ட சட்டத்தையும் விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் குழுக்களும் இந்தத் திருத்தத்தைப் படித்தாக வேண்டும். இது இனி பண்ணைக்காரர்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை.

அப்படியானால் 1996 தீர்ப்பு வீணா? இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 28-இல், பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்திருந்தது. ஒன்று, கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு அறிவியல் நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். மற்றது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். இறால் தீர்ப்பு இவ்விரண்டையும் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் இவை எழுத்தாகவே ஏறிவிட்டன. இடிக்கச் சொன்ன ஆணை கரைந்துபோனது. கொள்கை சட்டமாகி நின்றது. அதனால் இன்றைக்கு மனுவில் "1996 தீர்ப்பின்படி இடியுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. "இந்தப் பண்ணையின் கழிவுநீரால் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது, 20-ஆவது பிரிவின்படி தடுத்து, இழப்பீடு வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால்தான் வழக்கு நிற்கும்.

அதை நிரூபிக்க என்ன வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுகின்றன. நம் கடற்கரையில் நிலத்தடி நீர் இயல்பாகவே பல இடங்களில் உவர். மணலில் ஊத்து தோண்டிக் குடிநீர் எடுக்கிற பெண்களுக்கு எந்த இடத்தில் எத்தனை அடியில் நல்ல தண்ணீர் என்று தெரியும், தீர்ப்பாயத்துக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே "இது எப்போதும் உப்புத் தண்ணிதானே?" என்பதாக இருக்கும். ஒரே ஒரு பரிசோதனை அறிக்கையோடு போனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. குட்டையிலிருந்து சுமார் 50, 200, 500 மீட்டரில் மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். அதே கிணறுகளில் வடகிழக்கு மழை முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, அறுவடைக்காகக் குட்டையை வடித்துவிட்ட பிறகு ஒருமுறை நீர் எடுங்கள். சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பி மூடி, தேதி, நேரம், சர்வே எண், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் ஆகாது, ஆய்வகத்தில் கிருமிநீக்கிய பாட்டில் கேட்டு வாங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை. குளோரைடு 250, அதிகபட்சம் 1000. குட்டைக்கு அருகே எண் ஏறி, தூரம் போகப்போக இறங்குகிறது என்று மூன்று கிணறும் காட்டினால் அதுதான் சாட்சி. பண்ணை வருவதற்கு முந்தைய பரிசோதனை எண்களை வாரியத்திடமே தகவல் உரிமை மனுவில் கேட்கலாம்.

நிலத்துக்கு வேறு காகிதங்கள். தாலுகா அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணின் 'அ' பதிவேட்டு நகலும், புல வரைபடமும், அடங்கலும் வாங்குங்கள். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது அங்கேதான் இருக்கிறது. பண்ணையின் பதிவு எண், எந்தெந்த சர்வே எண்ணுக்குப் பதிவு, எந்தத் தேதிவரை செல்லும், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு எப்போது பார்வையிட்டு என்ன எழுதியது என்று நான்கு கேள்விகளைத் தகவல் உரிமையில் கேளுங்கள். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பண்ணைகளைப் பதிவு செய்யும் கடலோர ஆணையம் மத்திய அமைப்பு, அங்கே கோர்ட் ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு மாதம் வீணாகிற மனுக்கள் ஏராளம். பதிவு ஓர் எண்ணுக்கு இருக்க, குட்டை பக்கத்து எண்ணுக்குள்ளும் நீண்டிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. கடற்கரையில் டேப் பிடித்து அளந்து "150 மீட்டர்தான்" என்று எழுதாதீர்கள். உயர் அலைக் கோடு என்பது அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் உள்ள கோடு, அன்றைக்கு அலை தொட்ட இடம் அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் தோற்பதற்கு ஒரு காரணம் உண்டு: காலக்கெடு. சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் தடுப்பாணை கேட்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்; தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. இழப்பீட்டுக்கு ஐந்து வருடமும் 60 நாளும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு வருடம் மனு கொடுத்துவிட்டு வருகிறார்கள். மனு கொடுத்ததால் கெடு நீளாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும், தொலைபேசி 15100. இந்த இலவச வக்கீல் உரிமைக்கு உயிர் கொடுத்ததும் ஒரு தீர்ப்புதான். பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக 1979-இல் வந்த ஹுசைனாரா கத்தூன் வழக்கு அது.

ஊரணி விஷயம் இதைவிட எளிது, தீர்ப்பும் இன்னும் உறுதியாக நிற்கிறது. பஞ்சாபில் ஒரு கிராமக் குட்டையை மூடி வீடு கட்டியது பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது: ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போடுங்கள், நீண்ட நாள் அனுபவமோ, செலவழித்துக் கட்டியதோ காரணமாகாது. நிலமற்ற கூலிகள், பட்டியல் சாதியினர் போன்றோருக்குக் குத்தகை கொடுத்திருந்தால் அல்லது பள்ளிக்கூடம், மருந்தகம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு யோசிக்கலாம் என்றது. இங்கே நடக்கும் தவறு சட்டத்தைக் குழப்புவது. 2007-ஆம் ஆண்டு கண்மாய்ப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை வசமிருந்த, இப்போது நீர்வளத் துறை பார்க்கும் கண்மாய்களுக்கானது. ஊராட்சி ஊரணிக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதில் 7-ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, பிறகே 6-ஆவது பிரிவில் வெளியேற்ற உத்தரவு. நோட்டீஸ் இல்லாமல் ஜேசிபி வந்தால், ஆக்கிரமித்தவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சுலபமாகத் தடை வாங்கிவிடுவார். தாசில்தாரிடம் போகும்போது "இடியுங்கள்" என்று கேட்காதீர்கள். "7-ஆவது பிரிவு நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

கடலில் வேறொருவர் வலையை அறுத்துவிட்டார் என்று புகார் கொடுத்தால், போலீஸ் ஸ்டேஷனில் கையில் திணிப்பது சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. 2013 நவம்பர் 12-ஆம் தேதி லலிதா குமாரி தீர்ப்பு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இதில் ஒரு சந்து வைத்திருக்கிறது: மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். தெரிந்தே சேதம் செய்து நட்டம் ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா 324(5)-இன்படி ஐந்து வருடம் வரை தண்டனை. அதாவது இந்தச் சந்துக்குள்தான் விழுகிறது. அதற்குக் குறைந்தால் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. ஆகவே நாட்டுப்படகுக்காரரின் வழக்கு வலை வாங்கிய பில்லில் இருக்கிறது. மால், நூல், மிதப்பு, ஈயம் என்று தனித்தனியாக பில் இருக்கட்டும். ஒட்டுக்கூலியையும் எழுதி வையுங்கள். 14 நாள் கழிந்தும் அசையவில்லை என்றால் 173(4)-இன்படி எஸ்.பி.க்குத் தபால், அதன்பின் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்.

தீர்ப்பைக் கையில் எடுக்கும்முன் அதைப் படித்துவிடுங்கள். செய்தித்தாள் தலைப்பு தீர்ப்பாகாது. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 141-ஆவது கூறின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துவது, தீர்ப்பில் முடிவுக்குக் காரணமான சட்ட விளக்கம்தான். நீதிபதி போகிற போக்கில் சொன்ன வருத்தமும் அறிவுரையும் கட்டுப்படுத்தாது. மேற்கோள் காட்ட அழகாக இருப்பது அவைதான் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, மதுரைக் கிளையில் கிடைக்கும் மிகச் சாதாரணமான உத்தரவு பற்றி. "மனுதாரரின் கோரிக்கையை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்று வந்தால் ஊரில் வெடி போடுகிறார்கள். அது வெற்றி இல்லை. அதிகாரி பரிசீலித்து நிராகரித்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். சான்றிட்ட நகல் வந்ததும், முன்பு சொன்ன நீர் அறிக்கையையும் பதிவேட்டு நகலையும் சேர்த்து, புதிய கடிதத்தோடு, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். எட்டு வாரத்தை எண்ணுவதற்கு அந்தச் சான்றில் உள்ள தேதி வேண்டும். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஒரு வருடம்தான் அவகாசம், கெடு முடிந்த மறுநாளிலிருந்து.