கூட்டாளிகளின் துணிச்சல்

போன வாரம் அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. "அதிபர் வேட்பாளரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டிய அரசியல் துணிச்சல்…" என்று குரல் இழுப்பதற்குள், அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்: "எந்த பேங்குலடா?"

மாமா கிண்டல் செய்யவில்லை. அறுபது வருஷமாக விடாமல் தினசரி படிக்கிறவருக்குக் கூட்டாளியும் துணிச்சலும் அடுத்தடுத்துக் காதில் விழுந்தால் வேறென்ன தோன்றும்? பட்டப்பகலில் துணிகரம், முக்கியக் குற்றவாளி கைது, தப்பியோடிய கூட்டாளிகளுக்கு வலை. இந்த 'அரசியல் துணிச்சலை' நானும் நாலைந்து வருஷமாகப் பல இடங்களில் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அவர்கள் சொல்வது 'பொலிட்டிகல் கரேஜ்'. கரேஜ் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் இலத்தீனில் 'கோர்', அதாவது இதயம். அமெரிக்காவில் இந்தத் தொடர் பரவியதில் கென்னடிக்குப் பங்குண்டு. செனட்டராக இருந்தபோது, ஊர் எதிர்த்தாலும் மனசாட்சிப்படி நின்ற எட்டு செனட்டர்களைப் பற்றி அவர் வெளியிட்ட 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்' நூலுக்கு 1957இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதன் பெயரில் ஒரு விருதும் இன்று இருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும். பொருள் இதுதான்: ஓட்டுப் போடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சொந்தக் கட்சி கைவிடும், பதவி போகும் என்று தெரிந்தே சரியென்று பட்டதைச் சொல்லிவிடுவது.

துணிச்சல் இந்த இடத்துக்குப் பொருந்துமா? வேர் நல்ல வேர்தான். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து வெட்டி எடுத்தது துணி. இரண்டு பக்கமும் அலையும் மனதை வெட்டி ஒரு பக்கம் நிறுத்தினால் துணிவு. பழைய நூல்களில் 'துணிபு' என்றால் தீர்மானம். "எண்ணித் துணிக கருமம்" என்று வள்ளுவர் சொல்லும்போது முதலில் எண்ணம், பிறகுதான் துணிவு. அந்த எண்ணம் துணிச்சலில் ஆவியாகிப் போய்விட்டது. எனக்கென்னவோ அந்த '-ச்சல்' மேல்தான் சந்தேகம். எரிச்சல், குடைச்சல், உளைச்சல், காய்ச்சல், பாய்ச்சல். எல்லாம் திடீரென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்குகிறவை. நீச்சலும் விளைச்சலும் என்ன பாவம் செய்தன என்று கேட்பீர்கள். சரி, இலக்கணமாக இதை நிறுவ முடியாது. காதுக்கு அப்படிப் படுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் வழக்கை யாரும் மறுக்க முடியாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்று விளிம்பில் பயல் நடந்தால் துணிச்சல். செய்த தப்பை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு எதிரிலேயே வந்து நின்றால், "என்ன துணிச்சல் உனக்கு!". முதலாவது பாதி பாராட்டு, இரண்டாவது முழுத் திட்டு. எதற்காகத் துணிந்தான், என்ன இழந்தான் என்ற கேள்விக்குத் துணிச்சலில் இடமே கிடையாது. திருடனுக்கும் அது உண்டு. நள்ளிரவில் கட்சி தாவுகிறவருக்கு நிறையவே உண்டு.

அதன் தலையில் 'அரசியல்' என்ற ஒட்டு வேறு. தமிழில் அந்தச் சொல்லை எதன் முன்னால் வைத்தாலும் பின்னால் வருவது பொய்யாகிவிடுகிறது. அரசியல் நாடகம், அரசியல் நாகரிகம், அரசியல் கண்ணீர். அலுவலகத்தில் ஒருவன் காலை வாரினால் "அரசியல் பண்றான்" என்கிறோம். ஆகவே அரசியல் துணிச்சல் என்றதும் கேட்பவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய துணிச்சல் என்றே படும். ஆங்கிலத்தில் 'பொலிட்டிகல்' அங்கே நிற்பது, கொடுக்க வேண்டிய விலை எந்தக் கடையில் என்று காட்டுவதற்கு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் விலைச்சீட்டைச் சரக்கின் பெயராக ஒட்டிவிட்டார்கள்.

"தைரியம்னு போடலாமே?" என்று டப்பிங் துறையில் இருக்கிற ஒரு தம்பியிடம் கேட்டேன். "அது வடசொல் சார்" என்றான். நானும் நல்ல தமிழ் வேண்டும் என்கிற கட்சிதான். ஆனால் ஒரு சொல்லை வெளியே அனுப்புமுன், அந்த நாற்காலியில் உட்காரப் போகிற சொல்லுக்கு அந்த வேலை தெரியுமா என்று பார்க்க வேண்டாமா? தைரியம் 'தீர' என்ற வடசொல் வழி வந்தது. தீரன் என்றால் நிலைகுலையாதவன். இந்த இடத்தில் தைரியம் துணிச்சலைவிட எவ்வளவோ மேல். சிலர் 'முதுகெலும்புள்ள தலைவர்' என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஆங்கிலேயன் உடம்பில் எந்த எலும்பில் மானம் இருக்கிறதோ, அந்த எலும்பையே நாமும் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. அதே படத்தில் துணை அதிபர் வேட்பாளரை 'ஓட்டத் தோழர்' என்று சொன்னதையும் கேட்டேன். 'ரன்னிங் மேட்' என்பதன் சவக்கோலம்.

சோதித்துப் பார்க்க ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்திலும் அவர் வந்தார். ஜான் மெக்கெய்ன். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி, பிற்காலத்தில் குடியரசுக் கட்சி செனட்டர்.

1967 அக்டோபரில் ஹனோய்க்கு மேல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. இரு கைகளும் ஒரு காலும் முறிந்து ஏரிக்குள் விழுந்தார். ஐந்தரை ஆண்டு சிறை. 1968இல் அவருடைய தந்தை பசிபிக் பகுதி அமெரிக்கப் படைகளுக்குத் தலைமைத் தளபதியானார். மகனை முன்கூட்டியே விட்டுவிடுகிறோம் என்றது வடவியட்நாம். எனக்கு முன்னால் பிடிபட்டவர்கள் முதலில் போகட்டும் என்று மறுத்து, அதற்கும் சேர்த்து அடி வாங்கினார். 1973இல்தான் வெளியே வந்தார். இதை வீரம் என்று சொல்லுங்கள், நெஞ்சுரம் என்று சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை.

இனி 2000. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆவதற்கான போட்டி. நியூ ஹாம்ப்ஷயரில் புஷ்ஷைத் தோற்கடித்த மெக்கெய்ன் அடுத்துத் தென் கரோலினாவில் நின்றார். அந்த மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் உள்நாட்டுப் போர்க் காலத் தென்மாநிலங்களின் கொடி அப்போது பறந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு அது அடிமைமுறையின் கொடி. முதலில் கேட்டபோது மெக்கெய்ன் அதைப் புண்படுத்தும் சின்னம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆலோசகர்கள் பதறினார்கள். பிறகு, அது பாரம்பரியச் சின்னமாகவே தனக்குப் படுகிறது என்று ஓர் அறிக்கை வந்தது. யார் கேட்டாலும் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்து வாசித்தார். பிணைக்கைதி வாசிப்பதுபோல வாசித்தேன் என்று பின்னாளில் அவரே எழுதினார். பிணைக்கைதி எப்படி வாசிப்பான் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

அப்படியும் தோற்றார். ஏப்ரலில் அதே மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்குத் திரும்பிப் போய், உண்மையைச் சொன்னால் வெல்ல முடியாது என்று பயந்து கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். இதில் வேடிக்கை, கென்னடி நூலின் பெயரில் இருக்கிறதே ஒரு விருது, அது தேர்தல் நன்கொடைச் சீர்திருத்தத்துக்காக முந்தின வருஷம்தான், 1999இல், அவருக்கும் ஜனநாயகக் கட்சி செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டுக்கும் கொடுக்கப்பட்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள். ஹனோயில் விடுதலையையே மறுத்து நின்றவர் தென் கரோலினாவில் வளைந்தார். அங்கே இருந்தது ஒன்று, இங்கே இல்லாமல் போனது இன்னொன்று. இரண்டுக்கும் துணிச்சல் என்று ஒரே சொல்லைப் போட்டால் இந்த மனிதரின் கதையையே தமிழில் சொல்ல முடியாது.

நமக்கு அந்த இன்னொன்றுக்குப் பெயர் இருக்கிறது. வெகுநாளாக இருக்கிறது. திருக்குறளில் அமைச்சியலின் கடைசி அதிகாரம், 73ஆவது. அவையஞ்சாமை.

"பகையகத்துச் சாவார் எளியர் அரியர்
அவையகத்து அஞ்சா தவர்."

பகைவர் நடுவே போய்ச் சாகிறவர்கள் எங்கும் கிடைப்பார்கள். அவையில் அஞ்சாதவர்கள்தான் அரிது. ஹனோயையும் தென் கரோலினாவையும் பிரித்துக்காட்ட இதைவிடக் கச்சிதமாக ஒன்றேமுக்கால் அடி கிடைக்குமா? இதயம், எலும்பு என்று உடலுறுப்பைத் தேடாமல், யாருக்கு முன்னால் என்ற கேள்வியிலிருந்தே நம் சொல் பிறக்கிறது. அஞ்சாமல் நிற்க வேண்டியது அவைக்கு முன்னால்.

மறுப்பு எனக்கும் தெரியும். தமிழாசிரியர் நண்பர் ஒருவர் உடனே சொன்னார்: "அது மேடைக்கூச்சம் இல்லாமைப்பா. கற்றவர் சபையில் தடுமாறாமல் பேசுவது. அளவை, அதாவது தர்க்கமெல்லாம் படித்துக்கொள் என்றுகூட அதே அதிகாரத்தில் வருகிறது." உண்மைதான். சொல்லைக் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் அமைச்சனுக்குச் சொன்னது, புலவர் பட்டிமன்றத்துக்கு மட்டும் சொன்னதில்லை. அவை என்பது கற்றோர் கூட்டமாக இருந்தது, இன்று அது ஓட்டுப்போடும் கூட்டம். பேச நாக்கு எழாமல் போவதும் அச்சம், நாக்கு எழுந்து அவர்களுக்குப் பிடித்ததையே பேசிவிடுவதும் அச்சம். இரண்டாவதுதான் இந்தக் காலத்து நோய்.

2008 அக்டோபர் 10. இப்போது மெக்கெய்ன் கட்சியின் முழு வேட்பாளர். மின்னசோட்டாவில் லேக்வில் என்ற ஊரில் கேள்வி-பதில் கூட்டம். ஒபாமா அதிபரானால் பிள்ளையை வளர்க்கவே பயமாக இருக்கிறது என்றார் ஒருவர். அவர் கண்ணியமானவர், பயப்பட வேண்டியதில்லை என்று மெக்கெய்ன் சொன்னதும் சொந்த ஆதரவாளர்களே ஊளையிட்டார்கள். அடுத்து ஒரு பெண்மணி, ஒபாமா ஓர் அரபு என்றார். மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்நாட்டுக் குடிமகன், அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். எதிரில் பகைவன் ஒருவன்கூட இல்லை. இருந்ததெல்லாம் அவருடைய அவை. தேர்தலுக்கு நான்கு வாரம்கூட இல்லை.

அந்தப் பதிலிலும் ஓட்டை இருந்தது. அரபு என்றால் நல்ல குடும்பஸ்தராக இருக்க முடியாதா? ஒன்பது நாள் கழித்து இந்த ஓட்டையை இன்னொரு பக்கமிருந்து தொட்டவர் காலின் பவல். புஷ் அரசில் முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், மெக்கெய்னின் நெடுநாள் நண்பர். தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒபாமாவை ஆதரித்ததோடு, அவர் முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர். ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்று தன் கட்சியைப் பார்த்துக் கேட்டார்.

இங்கேதான் கூட்டாளி வருகிறார். அவரை மாற்றியே ஆக வேண்டும். வியாபாரத்தில் பங்காளி, குற்றத்தில் உடந்தை. இந்த இரண்டைத் தாண்டிக் கூட்டாளிக்கு இப்போது வேலை இல்லை. குறளில் 'இடிக்குந் துணையார்' என்று ஒரு தொடர் உண்டு, தப்பு செய்தால் இடித்துச் சொல்லும் துணைவர்கள். பவல் அப்படி இடித்தவர். இன்னொரு துணையார் ஜோ லீபர்மன். 2000இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ஈராக் போரை ஆதரித்ததற்காக 2006இல் கனெடிகட் மாநில உள்கட்சித் தேர்தலில் தோற்று, சுயேச்சையாக நின்று மறுபடி செனட்டுக்கு வந்தவர். 2007 டிசம்பரில், தன் பழைய கட்சி கொதிக்கக் கொதிக்க, மெக்கெய்னுக்கு ஆதரவு தெரிவித்தார். அந்தப் போரில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனாலும் அவர் தன் அவைக்கு அஞ்சவில்லை என்று எழுதக் கை கூசாது. முடிவுக்கு நற்சான்று கொடுக்காமல் நின்ற நிலையை மட்டும் சொல்வது இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த குணம்.

அந்த லீபர்மனையே துணை அதிபர் வேட்பாளராக நிறுத்த மெக்கெய்னுக்கு ஆசை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரைக் கட்சி மாநாடு ஏற்காது என்றார்கள். அவருக்குப் பதில் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் வந்தார். லீபர்மனை விட்டதற்காக வருந்துவதாக 2018இல், இறப்பதற்குச் சில மாதம் முன், மெக்கெய்ன் எழுதினார். அவைக்கு அஞ்சியது இரண்டாம் முறை.

ஒரு மிச்சம். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இந்த இடத்தில் 'ஆண்மை' என்று எழுதுகிறார்கள். ஆளும் தன்மை என்று பழம்பொருளும் காட்டுகிறார்கள். 2017 ஜூலை 28, விடியாத இரவு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் குலைக்கும் மசோதா செனட்டில் 49க்கு 51 என்று விழுந்தது. மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டிய படம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவரோடு அதே கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்த மற்ற இருவர் சூசன் காலின்ஸும் லிசா மர்கௌஸ்கியும். அவர்கள் காட்டியதை ஆண்மை என்று எழுதி, கீழே அகராதி விளக்கமும் கொடுப்பார்களோ?

டப்பிங் தம்பியிடம் மறுபடி பேசினேன். சொல் நல்லாத்தான் இருக்கு சார், ஆனால் வாயசைவுக்கு ஒத்துவர வேண்டுமே என்றான். விரல் விட்டு எண்ணினோம். பொலிட்டிகல் கரேஜ் என்று சொல்ல வாய் ஆறு முறை திறக்கிறது. அரசியல் துணிச்சலுக்கு ஏழு. அவையஞ்சாமைக்கு ஐந்து.