ஆவாரம்பூவுக்கு தேனீப் பெட்டி வச்சா வேலைக்காகாது

மதுரையிலேர்ந்து நாகமலைப் பக்கமோ கீழக்குயில்குடிப் பக்கமோ போனீங்கன்னா ரோட்டோரமா ஆளுயரத்துக்கு மஞ்சமஞ்சேர்னு நிக்கும்ல, அதான் ஆவாரை. பொங்கலுக்கு மொத நாள் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோட சேத்து சொருகுறோமே அதே செடி. டீ போட்டுக் குடிக்கலாமா, சுகருக்கு நல்லதா, மொகத்துக்கு பூசலாமாங்கிற கதையெல்லாம் ஏற்கனவே கொட்டிக் கெடக்கு, நான் அதுக்குள்ள போகல. பூவுக்குள்ள நடக்குற வேலைதான் எனக்கு அதவிட சுவாரசியமா தெரியுது, அதுவும் கத்தரி போட்டிருக்கிறவங்களுக்கு நேரடியா காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

வெள்ளன போய் ஒரு பூவ கிட்ட வச்சுப் பாருங்க. அஞ்சு இதழ், நடுவுல பத்து மகரந்தத் தாள், ஆனா பத்தும் ஒரே மாதிரி இருக்காது. மேல மூணு சும்மா பேருக்கு, அதுல மகரந்தம் கெடையாது. நடுவுல இருக்கிறது நடுத்தர சைஸ், கீழ ரெண்டு மூணு மட்டும் நீளமா கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்கும். செம்பருத்தியில மகரந்தப்பை வெடிச்சு பவுடர் வெளிய ஒட்டிட்டு இருக்கும், விரல வச்சாலே மஞ்சளாயிரும். ஆவாரையில பை வெடிக்காது, நுனியில பொடி ஓட்டை மட்டும்தான், தலையில ஓட்டை போட்ட பவுடர் டப்பா மாதிரி, குலுக்குனாத்தான் கொட்டும். இதுல இன்னொன்னு, பூவுல சொட்டுத் தேன் கெடையாது. வர்ற பூச்சிக்கு சம்பளமே மகரந்தம்தான், அதையும் குலுக்கி எடுத்துக்கன்னு விட்டுருது.

யாரு குலுக்குறது? பெட்டியில வளக்குற அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எதுக்கும் தெரியாது, வந்தாலும் கீழ சிந்துனத பொறுக்கிட்டுப் போகும் அவ்வளவுதான். குலுக்கத் தெரிஞ்சது பெருசா கருகருன்னு, றெக்கையில நீலம் மினுங்க வருமே அந்தக் கருவண்டு (வண்டுன்னு நாம சொன்னாலும் அதுவும் தேனீ சாதிதான்), அப்புறம் வயித்துல நீலப்பட்டை போட்ட சின்ன தேனீ ஒண்ணு. இது பூவுல வந்து உக்காந்து தாள கவ்விப் பிடிச்சுக்கும், றெக்கைய அடிக்காம மடக்கி வச்சுக்கிட்டு பறக்குறதுக்கான தசைய மட்டும் விட்டு விட்டு இயக்கும், அப்ப நெஞ்சுப் பகுதியே அதிர ஆரம்பிச்சிரும், நொடிக்கு சுமாரா 200-லேர்ந்து 400 தடவை. றெக்கை வீசுற பாரம் இல்லாததால பறக்குறப்ப கேக்குற ரீங்காரத்த விட இது ஸ்ருதி ஏறி "ஜ்ஜீ... ஜ்ஜீ..."ன்னு வெட்டி வெட்டி கேக்கும். காது குடுத்துக் கேட்டீங்கன்னா, எப்ப பறக்குது எப்ப பூவ குலுக்குதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிரலாம்.

அந்த அதிர்வுல நுனி ஓட்டை வழியா மகரந்தம் பீச்சி அடிக்கும். நடுத்தர தாள்லேர்ந்து வர்றது வண்டோட அடிவயித்துல விழும், அத அது காலால வழிச்சு குஞ்சுக்கு சோறா எடுத்துட்டுப் போயிரும். நீளமான கீழ்த்தாள்லேர்ந்து வர்றது விலாவுலயும் முதுகுப் பக்கமும் படும், அங்க அதுக்கு கால் சரியா எட்டாது. அடுத்த பூவுல சூல்தண்டு (மகரந்தத்த வாங்கிக்கிற பெண் பாகம்) வந்து உரசுற எடமும் அங்கிட்டுதான். கூலிக்கு ஒரு தாள், விதைக்கு ஒரு தாள்னு செடி கணக்கா பிரிச்சு வச்சிருக்கு!

இப்ப கத்தரிக்கு வருவோம். கத்தரிப் பூ நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி சேந்து நிக்கிற பைகளோட நுனியப் பாருங்க, அங்கயும் இதே ஓட்டை. தக்காளிக்கும் குலுக்கல்தான் வேணும். காத்து அடிச்சாலும் கொஞ்சம் கொட்டும், காய் பிடிக்கும், ஆனா வண்டு வந்து குலுக்குனா பிடிக்கிறது நல்லாவே கூடும். வெளிநாட்டுல கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள தக்காளி போடுறவன் இதுக்குன்னே ஒரு வகை பெரிய தேனீய பெட்டியில காசு குடுத்து வாங்குறான், 1980-கள் கடைசியிலேர்ந்து. அந்தத் தேனீ நம்ம நாட்டுல இமயமலைப் பக்கம்தான் இருக்கும், மதுரை வெயிலுக்கு நம்மாளு கருவண்டுதான். அதனாலதான் சொல்றேன், காய்த் தோட்டத்துக்கு தேனீப் பெட்டி வாங்கி வச்சு மட்டும் பிரயோஜனம் இல்ல, வரப்புல நாலு ஆவாரை நிக்கட்டும். கத்தரி இல்லாத மாசத்துலயும் வண்டு அந்தப் பக்கம் வந்து போயிட்டு இருக்கும், ஏன்னா மழை பேஞ்சா ஆவாரை அள்ளிப் பூக்கும், மத்த நாள்லயும் கொஞ்சம் கொஞ்சம் பூத்துக்கிட்டேதான் இருக்கும்.

வளக்குறது பெரிய வித்தையெல்லாம் இல்ல. பழுப்பா காஞ்சு காகிதம் மாதிரி ஆன நெத்த ரோட்டோரச் செடியிலயே எடுத்துக்கங்க, அரிட்டாபட்டி மாதிரி பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச எடத்துல போய் பறிச்சிட்டு வராதீங்க. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டா தண்ணி உள்ள எறங்காது, கொதிச்ச தண்ணிய எறக்கி வச்சு கொஞ்சம் ஆறவிட்டு அதுல போட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க, இல்ல உப்புத்தாள்ல லேசா தேயுங்க. ஆணிவேர் சர்ருன்னு கீழ எறங்குற செடிங்கிறதால எடத்துலயே நேரா ஊனுறது நல்லது, நாத்தா வாங்குனா சின்னதா இருக்கும்போதே நட்டுருங்க. ஆடி, ஆவணியில ஊனுனா ஐப்பசி மழையில பிடிச்சுக்கும். அஞ்சடிக்கு ஒண்ணு போதும். உரம் வேணாம், தண்ணி தேங்குற எடம் மட்டும் ஆகாது. வெட்டிவிட்டா தூர்லேர்ந்து திரும்ப துளுத்துரும், தோல் பதனிட இது பட்டையத்தான ஒரு காலத்துல வண்டி வண்டியா உரிச்சாங்க.

ஆவாரை மட்டும் வச்சா பத்தாது. அதுல தேன் இல்லைன்னு சொன்னேன்ல, வண்டுக்கு தேன் வேற எங்கயாச்சும் கெடைக்கணும், அதுக்கு புங்கம், எருக்கு, துளசி, தும்பை ஏதாவது பக்கத்துல இருக்கட்டும். கருவண்டு கூடு கட்டுறது காஞ்ச கட்டையிலயும் மூங்கில்லயும், நீலப்பட்டைக்காரி குடியிருக்கிறது மண்ணுலயும் மண்சுவத்துலயும். நாம என்னடான்னா சுத்தம்ங்கிற பேர்ல கட்டைய எரிச்சிட்டு வாசல் வரைக்கும் சிமெண்ட் போட்டுர்றோம். கொட்டும்னு பயப்பட வேணாம், ஆணுக்கு கொடுக்கே கெடையாது, பொண்ணும் கையில பிடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும்.

இலைக்காம்புல ஜோடி ஜோடியா இலை பிரியுற எடத்துல குச்சி மாதிரி ஒரு சின்ன சுரப்பி இருக்கும், பூவுல குடுக்காத இனிப்பு அங்கதான் கசியும், எறும்பு அதுக்குத்தான் ஏறும், ஏறுனா கூடவே புழுவையும் கொஞ்சம் வெரட்டும். எறும்பு மேயுதேன்னு பவுடர் தூவிறாதீங்க. மீறி இலையில ஓட்டை விழுந்தா அது வெளிர் பச்சையா பறக்குமே அந்தப் பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கும், ரெண்டு வாரத்துல செடி தேறிரும். கத்தரிக்கு மருந்து அடிச்சே ஆகணும்னா வண்டு அடங்குன பிறகு பொழுது சாய அடிங்க, காத்து ஆவாரை இருக்கிற பக்கம் வீசுனா அன்னைக்கு விட்ருங்க.